மாரியில் இடம்பெயரும் உயிர்கள்



"நான் அவதானித்த இயற்கைக் காட்சி" என்று தலைப்புத் தந்தால், உங்களிற் பலர் பனிமலையைப் பற்றி எழுதுகிறீர்கள். காணாத ஒன்றை எழுதும்போது வசனங்கள் உயிரற்றுப் போகின்றன. புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் உங்கள் வளவைச் சுற்றிப் பாருங்கள். எழுத வேண்டியது அங்கேயே உண்டு.

வடநாடுகளில் அது இலையுதிர்காலம். பகற்பொழுது குறையக் குறையப் பறவைகள் நிறைய உண்டு, உடலிற் கொழுப்பைச் சேமித்து, தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் தென்முனையில் இலங்கை உள்ளது. மன்னார் வங்காலையில் ஊசிவால் வாத்துகளையும் கருவால் மூக்கன்களையும் கூட்டங்கூட்டமாகக் காணலாம். 4,839 ஹெக்டேயர் பரப்புடைய இச்சரணாலயம் 2010ஆம் ஆண்டு றாம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

அங்கு செல்ல முடியாதோர் கவலைப்பட வேண்டாம். ஒக்டோபரில் ஆறுமணிக்குருவி வேலியோரத்துக்கே வரும். இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டுக் கடல் கடந்து வரும் அச்சிறு பறவை, சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். விடியலிலும் அந்தியிலும் இரு சுரங்களிற் கூவும். அதன் முதற்குரல் கேட்ட நாளை ஆண்டுதோறும் நான் நாட்காட்டியிற் குறித்து வைக்கிறேன்.

பாம்புகளும் இக்காலத்தில் இடம் மாறுகின்றன. கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில், இலையுதிர்காலம் வந்ததும் ஆயிரக்கணக்கான பாம்புகள் சுண்ணக்கல் வெடிப்புகளுக்குத் திரும்பி, நிலத்தடியிற் குளிரைக் கழிக்கின்றன. நமது நாட்டில் அவற்றை இடம் மாற்றுவது குளிரன்று, மழையே. வடகீழ்ப் பருவமழையால் புற்றுகளும் எலிவளைகளும் நீரால் நிரம்ப, அவை மேட்டு நிலத்தையும் விறகுக் குவியலையும் வீட்டுத் திண்ணையையும் நாடுகின்றன.

இருந்த இடம் பறிபோனால் ஓர் உயிர் எங்கே போகும்? இடம்பெயர்வு என்ற சொல்லின் பொருளை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும், பறவையை அழகென்று பார்த்துநிற்கும் நாமே பாம்பைக் கண்டதும் தடியைத் தேடுகிறோம். அடிபட்டுச் சாவனவற்றுட் சாரைகளும் உண்டு. சாரைக்கு விஷமில்லை, அது வயல் எலிகளைத் தின்று நெல்லைக் காக்கிறது.

இரக்கத்தோடு எச்சரிக்கையும் வேண்டும். முத்திரைப் புடையனும் எட்டடி விரியனும் உயிரைப் பறிக்கக்கூடியவை. எட்டடி விரியன் இரவில் நிலத்தில் உறங்குவோரைத் தீண்டுவதுண்டு. வலிகூடப் பெரிதாகத் தெரியாது. எனவே மாரியில் வெறுநிலத்தில் உறங்காதீர்கள்; இருளில் மின்சூளின்றி நடக்காதீர்கள். எவரையேனும் பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறவோ, இறுகக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். பாம்பைப் பிடிக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஓர் அப்பியாசக் கொப்பியை இதற்கென ஒதுக்குங்கள். திகதி, நேரம், வானிலை, கண்டது, கேட்டது ஆகிய ஐந்தையும் நாள்தோறும் ஒரு வரியில் எழுதுங்கள். தூரத்தில் நின்றே பாருங்கள். ஒரு மாதம் கழிந்தபின் அக்கொப்பியைத் துணைக்கொண்டு பின்வரும் தலைப்பில் எழுதுங்கள்.

பயிற்சி: "எங்கள் வளவுக்கு மாரி வந்தபோது"