200 மீற்றர்

பொத்துவிலிலிருந்து கல்முனைக்குக் கரையோர வீதியால் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். 2005 ஆகஸ்ட் விடுமுறையில் அந்த வழியால் பஸ்ஸில் போனேன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் நான் பயிற்சி பெற்ற காலம் அது. என்னோடு பயின்ற நண்பர் ஒருவருக்கு மருதமுனை சொந்த ஊர். கல்முனை மாநகரின் வடக்கு ஓரத்தில் இருப்பது. "உம்மா உங்களக் கேட்டவ, ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

கடல் வந்து எட்டு மாதமாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் சுனாமி வந்தது என்பதைவிடக் கடல் வந்தது என்று சொல்பவர்களே அதிகம்.

கோமாரியில் வெறும் அத்திவாரங்களும் தென்னைகளும். திருக்கோவில், தம்பிலுவில் தாண்டி அக்கரைப்பற்றில் பஸ் மாறினேன். அந்தப் பஸ்ஸில் சுனாமிப் பொதுக் கட்டமைப்பைப் பற்றிப் பெரும் வாக்குவாதம். அரசும் புலிகளும் ஜூன் மாதம் கையெழுத்திட்ட உடன்பாடு அது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் சில பகுதிகளுக்குத் தடை விதித்திருந்தது. நாட்டிலேயே அதிகம் பேரை, 10,000க்கும் மேல், இழந்தது அம்பாறை மாவட்டம். ஆனால் அந்தத் தாளில் முஸ்லிம் தரப்பின் கையெழுத்து இல்லை. அதைத்தான் ஒரு முதியவர் திரும்பத் திரும்பக் கேட்டார்: "மையத்துக் கணக்கில நாம முன்னுக்கு. மேசைக்கு வந்தா நாம எங்க?"

காரைதீவில் ஏறிய தமிழ்ப் பெண்ணொருத்தி, இடுப்பில் குழந்தையோடு, அவர் அருகே வந்து நின்றாள். பேச்சு நின்றது. அவர் ஜன்னலோரம் நகர்ந்து இடம்விட்டார். சற்றுப் பொறுத்து, "எத்தின பேர் புள்ள?" என்று மட்டும் கேட்டார். அவள் இரண்டு விரலைக் காட்டினாள். கல்முனை வரை அவர் பிறகு வாய் திறக்கவில்லை.

கல்முனைப் பிரதான வீதியில் கடைகள் வழமைபோல் திறந்திருந்தன. புடவைக் கடைகளில் கூட்டம்கூட இருந்தது. மருதமுனையில் இறங்கி நண்பரோடு கடலை நோக்கி ஒழுங்கையில் நடந்தபோது முதலில் மதில்கள் இல்லாமற்போயின, பிறகு கூரைகள், பிறகு சுவர்கள். மணலை அலை அரித்துக்கொண்டு போனதால் கிணற்றுக் கொட்டுகள் குழாய்களைப்போல நிலத்துக்கு மேலே நின்றன.

நண்பரின் வீட்டில் எஞ்சியது சீமெந்துத் தரை. அங்கேயிருந்துதான் அவருடைய தங்கையைக் கடல் கொண்டுபோனது. மையத்து கடைசிவரை கிடைக்கவில்லை. அதை அவர் சொல்லவில்லை, எனக்கு முன்பே தெரியும். அந்தத் தரையில் நின்று அவர் சொன்னது நாடாக் கணக்கை.

தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்று அப்போது அறிவித்திருந்தார்கள். அளந்தபோது இவர் வளவு 188இல் வந்தது. அடுத்த வளவு மச்சானுடையது, 203. மச்சானுக்கு அதே இடத்தில் கல்வீடு. இவருக்கு மேற்கே எங்கோ காணி கிடைக்கும் என்ற வாக்கு. நண்பர் கணித ஆசிரியர். "அலை எதுவரைக்கும் வரும் எண்டு கோடு போட்டவங்களுக்கே தெரியா. ரெண்டு தரம் அளந்தா ரெண்டு கணக்கு" என்றார்.

கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய மணல் திட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிற ஊர்கள் இவை. கிழக்கே 200 மீற்றரை வெட்டிவிட்டால் மேற்கே போவது வயலுக்குள்தான். பின்னாளில் கோடு தளர்ந்து 65 மீற்றர் என்றானது. மேட்டுவட்டையில் எழுந்த குடியிருப்புக்கு '65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியால் கட்டிய 500 வீடுகளோ, 2009இல் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் காடுபற்றிக் கிடந்தன. வீடுகள் இருந்தன, வீடில்லாதவர்களும் இருந்தார்கள். எங்கள் மாவட்டத்தின் அரசியலைப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு வேறு உதாரணம் தேவைப்பட்டதில்லை.

நண்பரின் குடும்பம் பலகைக் கொட்டிலொன்றில் இருந்தது. முன்பந்தலின் கால்கள் வழுவழுப்பாக, விசித்திரமான துளைகளோடு இருந்தன. மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். மணலில் புதைந்த உம்மாவின் தறியைத் தோண்டியெடுத்து, அதன் மரங்களைத்தான் கால்களாக நட்டிருந்தார்கள்.

அஸருக்குப் பிறகு கடற்கரைக்குப் போனோம். வீடு கட்டக்கூடாத மணலில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிரேதங்களைத் தின்ற மீன் என்று மாதக்கணக்காக ஊரில் பலர் மீனைத் தொடாதிருந்தார்கள். அன்று வலையில் கீரி நிறைய விழுந்திருந்தது. நண்பர் ஒன்றும் பேசாமல் ஒரு பை வாங்கினார்.

உம்மா பையைத் திறந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு அடுப்பை மூட்டினார். "எட்டு மாசமா இந்தச் சட்டியில மீன் வேகல்ல, மகன்" என்றார்.

இரவு எங்கள் இருவருக்கும் பீங்கானில் சோறு போட்டு, ஆணத்தை ஊற்றி, கீரியைப் பார்த்துப் பார்த்து வைத்தார். தனக்குப் பருப்பை மட்டும் ஊற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நண்பர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.