உமி கொண்டுவந்தவர்கள்

‘நீ அரிசி கொண்டு வா, நான் உமி கொண்டு வர்றேன், ரெண்டு பேரும் ஊதி ஊதித் தின்போம்’ என்று எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு. கூட்டாளியை ஏய்க்கிறவனைச் சொல்வது. உமி கொண்டு வருகிறவன் வெறுங்கையோடு வருகிறவன் என்பதுதான் அதன் பொருள். மன்னார்குடிப் பக்கத்தில் நெல் மில்லுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் உமிமேட்டில் சறுக்கி விளையாடிவிட்டு, இரவெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டு கிடந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். அப்பாயி அந்த உமியை முறத்தில் அள்ளி வந்து மூட்டம் போடுவாள். தீப்பிடிக்காமல், அணைந்தும் போகாமல், இரவு முழுக்கப் புகைந்து காலையில் கறுப்பாகிக் கிடக்கும். உப்பு சேர்த்து இடித்தால் பல்பொடி. மில்காரர் நெல் அவிக்கக் கொதிகலனில் கொஞ்சம் எரிப்பார். அதற்கு மேல் உமிக்கு ஒரு வேலை உண்டு என்று எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை.

பீகாரில் உமியை வைத்து ஊருக்கு விளக்கெரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2012 ஜனவரியில் சென்னையில் சங்கமித்ரா ரயில் ஏறினேன். மூடுபனிக் காலம். வட இந்தியாவுக்குள் நுழைந்ததும் வண்டி தடவித் தடவிப் போயிற்று. பாட்னாவில் இறங்கி, கங்கையின் மேல் ஐந்தரை கிலோமீட்டர் நீளும் காந்தி சேதுவை லாரி நெரிசலில் ஊர்ந்து கடந்து, முசாஃபர்பூர், மோதிஹாரி வழியாகப் பஸ்ஸில் பேட்டியா வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது.

அந்த இருட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடைத்தெருக்களில் டீசல் ஜெனரேட்டர்கள் இரைந்துகொண்டிருந்தன. கடைத்தெரு முடிந்ததும் ஒன்றுமில்லை. ஊர்கள் இருக்கின்றன என்பது நாய் குரைப்பதிலிருந்தும் சாண வரட்டிப் புகையிலிருந்தும்தான் தெரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பீகாரில் மின்விளக்கு எரிந்த வீடுகள் நூற்றுக்குப் பதினாறு. தமிழ்நாட்டில் தொண்ணூற்று மூன்று. இந்த இரண்டு எண்களையும் சென்னையில் காகிதத்தில் படித்திருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பார்த்த பிறகுதான் அவை எனக்குப் புரிந்தன.

அது மேற்குச் சம்பாரண் மாவட்டம். 1917இல் ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி விடாமல் துரத்தி அழைத்ததால் காந்தி வந்து இறங்கிய சம்பாரண். இருபது கட்டா நிலத்தில் மூன்று கட்டாவில் அவுரி பயிரிட்டே தீரவேண்டும் என்று தோட்டத் துரைகள் கட்டாயப்படுத்திய மண். தன் நிலத்தில் என்ன விளைய வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்த ஊர்களில், அந்த ஊர்க்காரர்களின் நெல்லின் கழிவே அவர்களுக்கு விளக்கானது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

தொடங்கி வைத்தவர் இதே மாவட்டத்துக்காரரான ஞானேஷ் பாண்டே. சிறுவயதில் மின்சாரமில்லாத கிராமத்தில் வளர்ந்தவர். மின்பொறியியல் படித்து அமெரிக்கா போய், லாஸ் ஏஞ்சல்ஸில் செமிகண்டக்டர் துறையில் வேலை பார்த்தவர். திரும்பி வந்து, பள்ளித் தோழர் ரத்னேஷ் யாதவோடு சேர்ந்து, ஊருக்கு மின்சாரம் எடுக்க, காட்டாமணக்கு முதற்கொண்டு ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். எதுவும் கட்டுப்படியாகவில்லை. பீகாரின் அரிசி மில்கள் சில ஏற்கெனவே உமியிலிருந்து வாயு எடுத்து, டீசலோடு கலந்து எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தன. டீசலே கலக்காமல் உமி வாயுவில் மட்டும் எஞ்சினை ஓட்ட முடிந்தால் ஒரு கிராமத்துக்கு விளக்குப் போடலாம் என்ற எண்ணம் அங்கிருந்து கிளம்பியது. 2007 ஆகஸ்ட் 15 அன்று தமகுஹா என்ற கிராமத்தில் முதல் ஆலை ஓடியது. அந்தப் பெயருக்கு இருள்மூட்டம் என்று பொருள் சொல்கிறார்கள். வெர்ஜீனியாவில் மேலாண்மை படித்துக்கொண்டிருந்த மனோஜ் சின்ஹாவும் சார்லஸ் ரான்ஸ்லரும் உடன் சேர, ‘ஹஸ்க் பவர் சிஸ்டம்ஸ்’ நிறுவனம் உருவாயிற்று. 2011இல் அதற்கு ஆஷ்டன் விருது கிடைத்தது.

இந்த வழியில் நடந்தவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988லேயே கர்நாடகத்தின் ஹோசஹள்ளி கிராமத்தில் விறகு வாயுவால் மின்சாரம் எடுத்துக் காட்டியவர்கள். பீகாரின் பஹர்பாரி கிராமத்தில் ‘டெசி பவர்’ அமைப்பினர் தைஞ்சாச் செடியை எரித்தார்கள். நம் ஊரில் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிறோமே, அந்தத் தக்கைப்பூண்டு வகைதான்.

நான் பார்த்தது பேட்டியாவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், வயல் நடுவே இருந்த ஒரு சிறிய ஆலை. பேட்டியா நண்பர் தன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனார். நாலு மூங்கில் கால், மேலே தகரக் கூரை, சுவர் கிடையாது. சுவர் வைக்காததற்குக் காரணம் உண்டு. உமி வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்ஸைடு. மூடிய அறையில் கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும்.

ஆபரேட்டர் முப்பது வயதுக்காரர். தலையில் மஃப்ளர், காலில் ரப்பர் செருப்பு. “வாங்க பையா, சரியான நேரத்துக்கு வந்தீங்க” என்றார் போஜ்புரியில், நண்பர் எனக்குச் சொன்னபடி. பையா என்றால் அண்ணன். ஆளுயரத்துக்கும் மேலிருந்த இரும்பு உருளையின் வாய்க்குப் படியேறி, கூடை கூடையாக உமியைக் கொட்டினார். உமி தானாக இறங்குகிற சரக்கு இல்லை. நடுவில் பாலம் கட்டிக்கொண்டு நிற்கும், அடியில் வெற்றிடம் விழும். நீளக் கம்பியால் குத்திக் குத்தி இறக்கிக்கொண்டே இருக்கவேண்டும். அடியில் நெருப்பு. அதற்கு முழுக்காற்று கொடுப்பதில்லை. மூச்சு முட்டுகிற அளவுக்குத்தான் கொடுப்பார்கள்.

சட்டென்று எனக்கு அப்பாயியின் மூட்டம் நினைவுக்கு வந்தது. அதே வேலைதான். அவள் கரியை வைத்துக்கொண்டு புகையை விட்டாள். இவர்கள் அந்தப் புகையைப் பிடித்துவிட்டார்கள். நெருப்புக்குக் காற்றைக் குறைத்தால் எரிந்து தீராமல் வெளியேறுகிற புகையே ஒரு எரிபொருள். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது நம் ஊரில் ஓடிய கரி பஸ்ஸுக்கும் இதுதான் சூத்திரம். புகையில் தார் இருக்கும். அது எஞ்சினுக்குள் போனால் வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். அதனால் வாயுவைத் தண்ணீரில் கழுவி, கரி, மரத்தூள், துணி என்று வரிசையாக வடிகட்டுகிறார்கள்.

குழாய் முனையில் தீக்குச்சி காட்டிப் பார்த்தார். முதலில் மஞ்சளாக அலைந்து, பிறகு நீலம் கலந்து நிலையாக நின்றது. “இப்போ சரி” என்று வால்வைத் திருப்பினார். எஞ்சின் இரண்டுமுறை இருமி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. மூங்கில் கம்பங்கள் வழியாக வயலைக் கடந்து போன கம்பியின் மறுமுனையில், பனிக்குள், ஒவ்வொரு வீடாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். தினமும் எரிகிற விளக்குதான். ஆனாலும் தினமும் அந்தக் கூச்சல் உண்டாம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்போதைய கணக்கு இப்படி. 32 கிலோவாட் ஆலை மணிக்குச் சுமார் 50 கிலோ உமி தின்கிறது. இரவு ஆறு மணி நேரம் ஓட மூன்று குவிண்டால். நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஆக ஒன்றரை டன் நெல், நம் 75 கிலோ மூட்டையில் இருபது மூட்டை, அரைத்தால் வருகிற கழிவு முந்நூறு நானூறு வீடுகளுக்கு ஓர் இரவு வெளிச்சம். வீட்டுக்கு இரண்டு சிஎஃப்எல் பல்பு, செல்போன் சார்ஜ். மாதம் நூறு ரூபாய், முன்பணம். சொன்னதற்கு மேல் ஒரு ஹீட்டரை மாட்டினால் அந்த வீட்டு இணைப்பு தானாகத் துண்டித்துக்கொள்ளும். கான்கிரீட் கம்பத்துக்குப் பதில் மூங்கில். ஊரிலேயே வெட்டலாம், ஊர்க்காரரே நடலாம், சாய்ந்தால் அவரே நிமிர்த்தலாம்.

நூறு ரூபாய் அவர்களுக்குக் கட்டுமா என்று ஒரு வீட்டுத் திண்ணையில் கேட்டேன். அந்த வீட்டு மூதாட்டி மாடத்திலிருந்து ‘டிப்ரி’யை எடுத்துக் காட்டினார். மருந்துப் புட்டியில் திரி போட்ட மண்ணெண்ணெய் விளக்கு. அதற்கான எண்ணெய்க்கும், செல்போனுக்குக் கடைத்தெருவில் சார்ஜ் போடவும் மாதம் நூறுக்குமேல் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்ததாம். பாம்புப் பயம் வேறு. மழைக்காலத்தில் எங்கே கால் வைக்கிறோம் என்று இப்போதுதான் தெரிகிறது என்றார். ஏழை என்றால் மலிவாகத்தான் எரிப்பான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு திரியின் புகை வெளிச்சத்துக்கு நம்மைவிட அதிகம் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

ஊருக்கு வெளியே சிமென்ட்டுக் கம்பங்கள் இரண்டைப் பார்த்தேன். கம்பி இல்லை. ஒன்றில் எருமை கட்டியிருந்தது. 2004இல் வந்த வரையறைப்படி, மின்மாற்றியும் கம்பியும் வந்து, பள்ளிக்கூடம் போன்ற பொதுக் கட்டடங்களுக்கும் நூற்றுக்குப் பத்து வீடுகளுக்கும் இணைப்பு கிடைத்துவிட்டால், அந்த ஊர் மின்மயமான ஊர். மீதித் தொண்ணூறு வீடு கணக்கில் வராது. இதை எப்படி நியாயப்படுத்துவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆலைக்குப் பின்னால் எரிந்து முடிந்த உமிக்கரி ஈரமாகக் கிடந்தது. பகலில் பெண்கள் வந்து சலித்து எடுத்துப்போய், பசை சேர்த்து, மூங்கில் ஈர்க்குச்சியில் உருட்டி ஊதுபத்தியாக்கினார்கள். வெளிச்சத்துக்குக் கொடுத்த நூறு ரூபாயில் ஒரு பகுதி இப்படித் திரும்பி வந்தது. மில்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். முன்பு அள்ளிப் போனால் போதும் என்று கொடுத்த உமிக்கு இப்போது விலை பேசினார். அதில் தவறு சொல்ல முடியாது. குப்பைக்கு வேலை வந்துவிட்டால் அது குப்பையாக இருக்காது. ஆனால் உமி விலை ஏறினால் நூறு ரூபாய் எத்தனை நாள் நிற்கும் என்ற கவலை ஆபரேட்டருக்கு இருந்தது.

அதே ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின்தொகுப்பும், இரண்டாம் நாள் அதோடு கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளும் சரிந்து, அந்த இரண்டாம் நாள் மட்டும் அறுபது கோடிப் பேர் மின்சாரமின்றி நின்றார்கள். பேட்டியா நண்பருக்குப் போன் செய்தேன். “அங்கே ஆறு மணிக்கு எப்பவும்போல எரிஞ்சுது” என்றார். அதற்குப் பிறகு நிறைய மாறியிருக்கிறது. 2017இல் சௌபாக்யா திட்டம் வந்தது. 2018 ஏப்ரல் 28க்குள் நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்மயமாகிவிட்டதாக அரசு அறிவித்தது. தமகுஹாவில் தொடங்கிய நிறுவனம் பகலுக்குச் சூரியத் தகடுகளும் இரவுக்கு உமி போன்ற கழிவுகளுமாகச் சேர்த்து, நைஜீரியா வரை போயிருக்கிறது. நான் போன ஊரிலும் அரசுக் கம்பி வந்துவிட்டது. அந்த மூதாட்டி இரண்டு இணைப்பையும் வைத்திருக்கிறார் என்று நண்பர் சொன்னார். சாயங்காலத்தில் அடிக்கடி நின்றுபோவது எது என்று நான் கேட்கவில்லை. மூங்கில் கம்பம் நிற்கிறதா என்று கேட்டேன். நிற்கிறதாம்.

நான் ஆலையைப் பார்த்த அன்றிரவு பதினொன்று ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆபரேட்டர் எஞ்சினின் வேகத்தை மூன்றுமுறை தாழ்த்தி ஏற்றினார். ஊர் முழுக்க விளக்குகள் மூன்றுமுறை மங்கி வெளுத்தன. படுக்கை விரிக்கச் சொல்லும் செய்தி அது. பிறகு வால்வை மூடினார். சத்தம் நின்றதும் காது அடைத்ததுபோல் இருந்தது. பனி, நாய், தூரத்தில் ஒரு குழந்தையின் இருமல்.

அவருக்கு வேலை அத்தோடு முடியவில்லை. வடிகட்டியைத் திறந்து, தார் படிந்த துணிகளை உருவி, அந்தக் குளிரில் அடிபம்புத் தண்ணீரில் அலசத் தொடங்கினார். தட்டுகளில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினார். தினமும் இது உண்டா என்றேன். இல்லாவிட்டால் நாளைக்கு எஞ்சின் பிடிக்காது, முந்நூறு வீட்டுக்காரர்களும் தன் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள் என்றார். முழங்கை வரை கறுத்திருந்தது.

“பையா, அந்த டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிங்க” என்றார். பிடித்துக்கொண்டு நின்றேன்.