பிளாக்பூலில் மோடி மஸ்தான்

பிப்ரவரி மாதம் பிளாக்பூலுக்கு யாரும் கடல் பார்க்கப் போவதில்லை. ஐரிஷ் கடலிலிருந்து வருகிற காற்று காதைப் பிய்த்துவிடும். கோடையில் குடும்பம் குடும்பமாக வந்து குவிகிற அந்த ஊர், குளிர்காலத்தில் கடையைக் கட்டிவிட்டுத் தூங்கும். அப்படித் தூங்குகிற ஊரில்தான் வருஷா வருஷம் உலகத்து மாயாஜாலக்காரர்கள் கூடுகிறார்கள். 1953ல் தொடங்கிய மாநாடு. இன்றைக்கு மூவாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். இதைவிடப் பெரிய கூட்டம் இந்தத் தொழிலில் வேறெங்கும் கூடுவதில்லை என்கிறார்கள்.

மான்செஸ்டரில் இருந்த காலத்தில் நானும் போனேன். பிறந்தநாள் விழாக்களிலும் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவிலும் குழந்தைகளுக்கு வித்தை காட்டுகிறவன் என்பதுதான் எனக்கிருந்த தகுதி. பிரஸ்டன் தாண்டியதும் ரயில் பெட்டியில் சீட்டுக் கட்டுகள் வெளியே வந்துவிட்டன. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கிழவர், எதிரே இருந்த பையன், கழிப்பறைக்கு வரிசையில் நின்றவர் என்று எல்லோர் கையிலும் ஒரு கட்டு. பேச்சு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். "ஒரு சீட்டை எடுங்கள்" என்று மட்டும் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எடுக்கிறவன் வேறு சீட்டைத் திருப்பித் தருவான் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாநாடு நடப்பது விண்டர் கார்டன்ஸில். 1878ல் திறந்த மாளிகை அது. உள்ளே ஓபரா ஹவுஸ் இருக்கிறது, பெரிய நடனக் கூடங்கள் இருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில் ஆள் தொலைந்துபோகலாம். நான் அதிக நேரம் செலவழித்தது வியாபாரிகளின் கூடத்தில். வரிசையாகக் கடைகள். ஒவ்வொரு கடையிலும் ஒருவர் நின்று வித்தை காட்டுகிறார். கூட்டம் சேர்கிறது. கடன் வாங்கிய மோதிரம் சாவிக்கொத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. கூட்டம் வாயைப் பிளக்கிறது. உடனே விலையைச் சொல்கிறார். இருபது பவுண்ட், முப்பது பவுண்ட், சிலது நூற்றைம்பது. பணத்தைக் கொடுத்தால் ஒரு சின்னப் பொட்டலம். பிரித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத நூலோ, காந்தமோ, ஒட்டிய சீட்டோ இருக்கும். இதற்கா இத்தனை காசு என்று ஒரு கணம் மனசு அடித்துக்கொள்ளும். அடுத்த கடையில் கூட்டம் கைதட்டுகிற சத்தம் கேட்கும். கால் அங்கே போய்விடும். ஊரை ஏமாற்றுவதைத் தொழிலாக வைத்திருக்கிற இவர்களைப் போல ஏமாளி வாடிக்கையாளர்களை நான் பார்த்ததில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு மேஜை இழுப்பறை, ஒருமுறைகூடச் செய்யாத வித்தைகளோடு நிறைந்து கிடக்கிறது.

அந்தக் கூட்டத்துக்குள் நிற்கும்போதுதான் மதுரை ஞாபகம் வந்தது. சித்திரைத் திருவிழா சமயம், தமுக்கம் மைதானத்துக்கு வெளியே, புளியமர நிழலில் ஒரு மோடி மஸ்தான் வட்டம் போட்டிருப்பார். முளைக்குச்சியில் ஒரு கீரி. மூடிய கூடையில் பாம்பு. "இப்போ சண்டை விடப் போறேன், சின்னப் பசங்க கையைக் கட்டாதே, முன்னாடி உக்காரு" என்பார். நடுவில் எழுந்து போகிறவன் ரத்தம் கக்கிச் சாவான் என்று வேறு மிரட்டல். நாங்கள் கீரியைப் பார்த்துக்கொண்டே இருப்போம். அவர் தாயத்து விற்று முடித்து, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். என் தலைமுறையில் அந்தச் சண்டையைப் பார்த்தேன் என்று சொன்ன ஒரு ஆளை நான் சந்திக்கவில்லை. பிளாக்பூல் வியாபாரிகள் அந்த அளவுக்கு மோசமில்லை. கீரி பாம்புச் சண்டையைக் காட்டிவிட்டுத்தான் தாயத்தை விற்கிறார்கள்.

மோடி மஸ்தானிடம் கீரியைவிடப் பெரிய சரக்கு ஒன்று இருந்தது. ஒரு சிறுவன். தரையில் படுத்திருப்பான், தலையோடு கறுப்புத் துணி மூடியிருக்கும். இவர் கூட்டத்துக்குள் நடந்தபடியே கேள்வி கேட்பார்.

"ஐயா பைல என்ன இருக்கு?"

"பேனா."

"என்ன கலரு, சட்டுனு சொல்லு?"

"பச்சை."

பச்சையேதான்.

பிளாக்பூலில் ஒரு பிற்பகல் விரிவுரை இந்த இரட்டையர் வித்தையைப் பற்றியது. பேசியவர் ஸான்ஸிக் தம்பதியில் ஆரம்பித்தார். ஜூலியஸும் ஆக்னஸும். 1906ல் லண்டன் அல்ஹாம்ப்ரா அரங்கில் அவர்கள் செய்ததைப் பார்த்து, படித்தவர்களே தொலையுணர்வு என்று நம்பினார்கள். அடுத்து பிடிங்டன் தம்பதி. சிட்னி பிடிங்டன் ஆஸ்திரேலியர். ஜப்பானியரிடம் சிங்கப்பூர் சாங்கி முகாமில் போர்க்கைதியாக இருந்தபோது இந்த வித்தையைப் பழகியவர். 1949ல் பி.பி.சி. வானொலியில் மனைவியோடு சேர்ந்து நடத்தினார். நாடே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள், யார் எந்த இடத்தை மாற்றினார்கள் என்று பேச்சாளர் வம்சாவளிபோலச் சொல்லிக்கொண்டு போனார். எப்படிச் செய்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அடுத்த முறை பார்க்கும்போது பதிலை விட்டுவிட்டுக் கேள்வியைக் கவனியுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு அந்தக் கறுப்புத் துணிதான் கண்ணில் நின்றது. அதற்குள் படுத்திருந்த சிறுவன் பள்ளிக்கூடம் போயிருப்பானா? அத்தனை கேள்விகளையும் எப்படி மனப்பாடம் செய்தான்? அவனுக்குக் கற்றுக்கொடுத்தவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

இந்தத் தொழிலில் பேர் சொல்வதில் அப்படி ஒரு கறார். ஒரு சீட்டைத் திருப்புகிற விதத்துக்குக்கூட உரிமையாளர் உண்டு. நாலு சீட்டை எண்ணுவதுபோல எண்ணி ஒன்றை மறைப்பதற்கு எல்ம்ஸ்லி என்பவர் பெயர். கலைப்பதுபோலக் கலைத்துக் கட்டைக் கலையாமல் வைப்பதற்கு ஸாரோ பெயர். டை வெர்னன் என்ற கனடாக்காரர், 1922ல் ஹூடினியையே சீட்டில் ஏமாற்றியவர், அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு விரிவுரையும் முடியாது. பேரை விட்டுவிட்டுச் செய்தால் இரவு மதுக்கூடத்தில் கிழித்துத் தொங்கவிடுவார்கள். ஆனால் நம்மூர் ஆட்கள் சீட்டை உள்ளங்கையில் வைத்துக் கொத்துக்கொத்தாய் உருவிக் கலைப்பார்களே, அதற்கு அங்கே இந்து ஷஃபிள் என்று பெயர். ஆள் பெயர் கிடையாது, ஊர் பெயர்கூடக் கிடையாது.

இத்தனைக்கும் பிரிட்டனுக்கு நம்மவர்கள் போகாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ராமோ சாமி லண்டனில் வித்தை காட்டிக்கொண்டிருந்தார். ராமசாமியாகத்தான் இருக்க வேண்டும். வாளை விழுங்குவார், பந்துகளை வீசிப் பிடிப்பார். இந்திய வித்தைக்காரர் ஒருவர் நான்கு பித்தளைப் பந்துகளைக் காற்றில் சுழலவிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் ஆங்கில எழுத்தாளர் வில்லியம் ஹாஸ்லிட் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். 1821ல் வந்தது. இந்த மனிதனைப்போல ஒன்றைப் பிசகில்லாமல் என்னால் செய்ய முடியுமா என்று ஹாஸ்லிட் தன் எழுத்தையே நினைத்து வெட்கப்படுகிற இடம் அதில் உண்டு. எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். ராமோ சாமி 1850ல் லண்டனில் வறுமையில் செத்தார். அடக்கச் செலவுக்கு அவர் மனைவி பத்திரிகை வழியாகக் கையேந்த வேண்டியிருந்தது.

நம்மூரிலேயே வித்தை காட்டிய இன்னொருவர் சேஷால். 1830ஐ ஒட்டிய வருஷங்களில் மதராஸில் ஒரு மூங்கில் கழியில் கையை மட்டும் வைத்துக்கொண்டு தரைக்கு மேலே சம்மணமிட்டு உட்கார்ந்து காட்டியவர். ஆங்கிலப் பத்திரிகைகள் படம் வரைந்து போட்டன. லண்டனில் கோவென்ட் கார்டன் பக்கம் போனால் இன்றைக்கும் வெள்ளிச் சாயம் பூசிக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆட்களைப் பார்க்கலாம். அவர்கள் முன்னால் இருக்கிற தொப்பியில் நான் காசு போடுவது சேஷாலுக்காக.

ஓபரா ஹவுஸில் இரவு நிகழ்ச்சி. அரங்கு முழுக்க வித்தைக்காரர்கள் உட்கார்ந்து ஒரு வித்தைக்காரரைப் பார்ப்பது விசித்திரமான அனுபவம். கைதட்டல் தப்பான இடத்தில் வரும். புறா பறந்தபோது சும்மா இருந்தார்கள். அதற்கு முன்னால், எதுவுமே நடக்காத ஒரு நொடியில், வெறுங்கையை அவர் இயல்பாகத் தொங்கவிட்டபோது தட்டினார்கள். அந்த வெறுங்கைக்குப் பின்னால் எத்தனை வருஷம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பிறகு ஒரு பெண்ணை இரண்டாக அறுக்கிற வித்தை. 1921ல் செல்பிட் என்பவர் லண்டனில் மேடையேற்றியதிலிருந்து எத்தனையோ பேர் அறுத்தாயிற்று. எனக்கு நம் நாட்டு வித்தைக்காரர் சர்க்கார் நினைவு வந்தது. பி.சி. சர்க்கார், 1956 ஏப்ரல் 9, பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சியில் சுழல் ரம்பத்தால் உதவியாளரை அறுத்தார். பெண் எழுந்திருக்கவில்லை. அதற்குள் தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து வணக்கம் சொல்லி நிகழ்ச்சியை முடித்துவிட்டார். ஒளிபரப்பில் ஒரு கொலை நடந்துவிட்டதாக நினைத்து ஜனங்கள் போன் மேல் போன் போட்டார்கள். மறுநாள் பத்திரிகையெல்லாம் சர்க்கார். நேரம் முடிந்தது தற்செயல் என்று நம்புகிறவர்கள் உண்டு. நான் நம்பவில்லை. மகாராஜா உடையில் மேடையேறி, பேரை இங்கிலாந்துக்காரன் மறக்க முடியாதபடி செய்துவிட்டுப் போனார் மனுஷன்.

மாநாட்டில் பெண்கள் குறைவு. லண்டனின் மேஜிக் சர்க்கிள் சங்கம் 1905ல் தொடங்கி 1991 வரை பெண்களைச் சேர்க்கவே இல்லை. சோஃபி லாயிட் என்பவர் ரேமண்ட் என்ற ஆணாக வேடமிட்டுத் தேர்வில் தேறி உள்ளே போனார். பெண்களைச் சேர்க்கிறோம் என்று அறிவித்ததும் உண்மையைச் சொன்னார். ஏமாற்றிவிட்டாராம், நீக்கினார்கள். மறுபடி சேர்த்துக்கொள்ள 2025 ஆயிற்று. ஏமாற்றுவதில் இதைவிடத் தேர்ச்சி வேறென்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

உண்மையான மாநாடு நள்ளிரவுக்கு மேல் ரஸ்கின் ஹோட்டலில். பீர் வாடைக்கு நடுவே மேஜைக்கு மேஜை சீட்டு, நாணயம், ரப்பர் பேண்ட். ஒரு ஓரத்தில் வயதான ஆங்கிலேயர் ஒருவர் தரைவிரிப்பில் உட்கார்ந்து செப்படி வித்தை செய்துகொண்டிருந்தார். மேலைநாட்டுக் கோப்பைகள் உயரமானவை. இவர் வைத்திருந்தது நம்மூர்ச் செப்பு: தட்டையானது, தலையில் குமிழ் வைத்தது. அந்தக் குமிழை இரண்டு விரல்களுக்கிடையே கவ்வித் தூக்குகிற லாவகம் அவருக்கு அப்படியே வந்திருந்தது. துணிப் பந்துகள் போயின, வந்தன, கடைசியில் எலுமிச்சம்பழம் ஆயின. முடித்ததும் என்னைப் பார்த்து, உங்கள் பக்கத்தில் இதைச் செய்தவர்கள் யார் என்று கேட்டார். வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி என்றேன். அவருக்குத் தெரிந்திருந்தது. அது கேரளம், தமிழ்நாட்டில் யார் என்றார்.

தமுக்கத்துப் புளியமரத்தடி ஆளின் பெயர் யாருக்குத் தெரியும்? கோட்டு மாட்டி மேடையேறியவர்களுக்கும், சீடர்கள் அமைந்தவர்களுக்கும் பெயர் நின்றது. தெருவில் உட்கார்ந்தவரை மோடி மஸ்தான் என்றோம். கதை முடிந்தது. வித்தையை விடத் திறமையாக ஆளையே மறைத்துவிட்டோம்.

சட்டமும் சேர்ந்துகொண்டது. 1959ஆம் ஆண்டுப் பம்பாய் பிச்சையெடுத்தல் தடைச் சட்டம், பொது இடத்தில் வித்தை காட்டிக் காசு வாங்குவதையும் பிச்சை என்றே எழுதிவைத்தது. டெல்லிக்கும் அதுதான் சட்டமாக இருந்தது. அந்த டெல்லியில்தான் இஷாமுதீன் கான் 1995ல் குதுப் மினார் அருகே திறந்தவெளியில், கயிறு தானாக அந்தரத்தில் எழுந்து நிற்கிற கயிற்று வித்தையைச் செய்து காட்டினார். அதைச் செய்கிறவருக்கு 500 கினி தருவதாக 1934ல் லண்டன்காரர்கள் அறிவித்திருந்தார்கள். டெல்லி உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியைச் செல்லாது என்றது 2018ல்.

தெரு வித்தைக்காரர்கள் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. திருவிழாக் கூட்டத்திலோ, சந்தை ஓரத்திலோ யாராவது செப்பைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தால் நின்று பாருங்கள். துண்டில் காசு போட்டுவிட்டு அவர் பெயர் என்ன, எந்த ஊர், யாரிடம் கற்றார் என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். துணிக்குள் படுத்திருக்கிற பையன் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். ரகசியத்தை மட்டும் கேட்காதீர்கள்.