சோளகம் கரை சேர்த்த பறவை

2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள், லுஹர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில், எமது மத்ரஸா மாணவர் நால்வர் ஒரு பறவையைத் துவாயில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தனர். சோளகக் காற்று கடுமையாக வீசும் காலம் அது. புறாவை விட மெலிந்த உடல், கரிய முதுகு, வெண்மையான வயிறு, நீண்ட சிறகுகள், கூரிய கறுப்பு அலகு. கடற்கரை மணலில் சிறகை விரித்தபடி கிடந்ததாம். காயம் எதுவும் தென்படவில்லை. கண்கள் மட்டும் எம்மை விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

"கடற்பறவைதானே, தண்ணீரில் விடுங்கள், தெளிந்துவிடும்" என்று சொன்னவன் நான்தான். பிள்ளைகள் ஹவ்ளுக்குப் பக்கத்தில் பெரிய பேசின் ஒன்றை வைத்து, நீர் நிரப்பி, அதில் பறவையை விட்டார்கள். சிறிது நேரத்தில் இறகுகள் நனைந்து கனத்துப் போயின. அஸர் பாங்குக்கு முன்னரே அது இறந்துவிட்டது.

"ஹஸரத், கடல்ல வாழுற பறவை தண்ணியில விட்டதும் ஏன் செத்துப்போச்சு?" என்று அவர்களில் சிறியவன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. பறவைகளின் படைப்பைச் சிந்தித்துப் பார்க்குமாறு திருமறை கூறும் இடங்களை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கி வருபவன் நான். எம் வாசலில் வந்து விழுந்த ஒரு பறவையின் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

உண்மையைச் சொல்வதானால், கடலோரத்திலேயே வாழ்ந்தும் கடலைக் கற்றுக்கொள்ள நான் முயன்றதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய குடும்பங்களுள் எங்களதும் ஒன்று. எனக்கு அப்போது எட்டு வயது. மழையில் நனைந்தபடி உம்மாவின் மடியில் படுத்திருந்ததும், வள்ளத்தின் அணியத்தில் ஒரு பறவை வந்து அமர்ந்ததும், அதை யாரும் விரட்டாததும் நினைவில் நிற்கின்றன. அதன் பின்னர் முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் வள்ளத்தில் ஏறவில்லை.

பறவை இறந்த வாரத்தில், கண்டக்குழிக் கரையில் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் படகுக்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். "இப்ப ஏலாது ஹஸரத். வாடை தொடங்கட்டும், நவம்பர்ல வாங்க" என்றார்.

கற்பிட்டியைக் கண்டிராத வாசகர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். புத்தளத்துக்குத் தெற்கே பாலாவிச் சந்தியில் திரும்பி, உப்பளங்களையும் நுரைச்சோலையின் மரக்கறித் தோட்டங்களையும் கடந்து, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கே சென்றால் இக்குடாநாட்டின் முனை வரும். கிழக்கே புத்தளம் களப்பு, மேற்கே பெருங்கடல். 1344இல் மாலைதீவிலிருந்து மஃபர் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதா, திசை தவறி இந்தக் கரையோரத்தில்தான் வந்து இறங்கினார். அவர் குறிப்பிடும் 'பத்தாலா' புத்தளமே என்பது ஆய்வாளர் கருத்து. காற்று கொண்டுவந்து சேர்த்த விருந்தாளிகள் இந்த மண்ணுக்குப் புதியவர்கள் அல்லர்.

மேற்குக் கடலில் பார் ரீப் என்னும் பவளப்பாறைத் தொடர் உள்ளது. 1992இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. (நம் மீனவர் பேச்சில் 'பார்' என்றாலே கடலடிப் பாறைத்திட்டுத்தான். முத்துப்பார் என்கிறோமல்லவா? இரண்டு மொழியிலும் பாறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!) பாறைத் தொடரையும் தாண்டிச் சென்றால் கடலின் அடித்தளம் நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆழ்கடலின் உயிரினங்கள் கரைக்கு இத்தனை அருகில் வருவது இதனால்தான். 2009இல் போர் முடிந்த பின்னர் டொல்பின் பார்க்கும் படகுப் பயணங்கள் இங்கு பெருகின. நவம்பர் முதல் ஏப்ரல் வரையே அவற்றின் பருவம்.

பயணத்துக்கு முதல் நாள் உம்மாவிடம் சொன்னேன். "மறுபடியும் வள்ளத்திலயா?" என்று மட்டும் கேட்டார். பின்னர் எழுந்து போய், வழிக்கென்று இஞ்சியும் சீனியும் சேர்த்து இடித்து ஒரு சிறு போத்தலில் போட்டுத் தந்தார்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் சுபுஹுத் தொழுகைக்குப் பின் கண்டக்குழிக்குச் சென்றோம். பெற்றோரின் அனுமதியுடன் மாணவர் இருவரும் வந்தனர். ஒருவன் அந்தக் கேள்வியைக் கேட்டவன், மற்றவன் படம் வரைபவன். பறவைகளை நன்கறிந்த இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக இணைந்துகொண்டார். பறவைக்காக மட்டும் கடலுக்குச் செல்வோர் இங்கு மிகக் குறைவு. டொல்பின் காணப் போகிறவர்கள் பறவை தென்பட்டால் படம் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆகையால் வள்ளம் முழுவதையும் நாமே பேசி எடுக்க வேண்டியிருந்தது. உயிர்காப்பு அங்கிகளை அணிந்துகொண்டு ஏறினோம். என்ஜின் முடுக்கப்பட்ட கணத்தில் என் கை தானாகவே வள்ளத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டது. பிள்ளைகள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதல் ஒரு மணி நேரம் எதுவும் இல்லை. நீல நீர், பின்னால் மங்கிக்கொண்டே போகும் தென்னை வரிசை, அதற்கு மேல் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. படம் வரைபவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். உம்மாவின் இஞ்சி அவனுக்குத்தான் பயன்பட்டது. கடற்பறவைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த வெறுமையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பின்னர் படகுக்காரர் கையை நீட்டினார். தூரத்தில் ஓரிடத்தில் மட்டும் கடல் கொதிப்பதுபோல் இருந்தது. சூரை மீன்கள் சிறு மீன்களைக் கீழிருந்து துரத்த, மேலே ஆலாக்கள் நூற்றுக்கணக்கில் செங்குத்தாகப் பாய்ந்துகொண்டிருந்தன. மீனவர் எந்தக் கருவியும் இல்லாத காலத்திலிருந்தே மீன் கூட்டத்தைக் கண்டுபிடிப்பது இவற்றைப் பார்த்துத்தான். படகுக்காரர் என்ஜினை முன்னரே நிறுத்திவிட்டார். வேறொரு சுற்றுலாப் படகு மறுபுறத்திலிருந்து வேகமாக வந்து கூட்டத்தின் நடுவே புகுந்தது. மீன்கள் ஆழத்தில் மறைந்தன, பறவைகள் கலைந்தன. அந்தப் பயணிகளுக்குக் கிடைத்தது ஒரு நிமிடக் காட்சி, பறவைகளுக்கு இழப்பு ஒரு வேளை உணவு. இத்தகைய அவசரத்தை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

கலைந்த ஆலாக்களுள் ஒன்றை, அலகில் மீனோடு போனதை, பழுப்பு நிறப் பெரிய பறவையொன்று துரத்தத் தொடங்கிற்று. ஆலா வளைந்தது, உயர்ந்தது, தாழ்ந்தது. கடைசியில் மீனைக் கைவிட்டது. துரத்தியது அதை நீரில் விழுமுன் பிடித்துக்கொண்டது. வடதுருவத்து வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும் ஸ்குவா அது என்றார் வழிகாட்டி. "கள்ளன்!" என்று பிள்ளைகள் கூவினர். நானும் சேர்ந்து கூவினேனோ என்னவோ.

திரும்பும் வழியில்தான் நான் தேடி வந்தது கிடைத்தது. மிதந்து வந்த ஒரு பலகைத் துண்டின் மேல் கரும்பழுப்பு முதுகுடைய ஆலா ஒன்று அமர்ந்திருந்தது. நெற்றியில் தொடங்கிய வெள்ளைக் கோடு கண்ணையும் தாண்டிப் புருவம்போல் பின்னே நீண்டிருந்தது. கடிவாளம் பூட்டியதுபோல் தோன்றுவதால் ஆங்கிலத்தில் இதற்குக் கடிவாள ஆலா என்று பொருள்படும் பெயர். ஓமான் கரையோரத் தீவுகளிலும் பாரசீக வளைகுடாத் தீவுகளிலும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, இலங்கையின் மேற்குக் கடல் வழியாகத் தெற்கே செல்லும் இனம். இந்த வலசையைக் கொழும்புக் கரையில் இருந்தபடியே பல ஆண்டுகள் கவனித்து எழுதியவர் ரெக்ஸ் டி சில்வா. களைத்தால் மரத்துண்டிலோ ஆமை முதுகிலோ வள்ளத்திலோ இது அமரும். 1990இல் எங்கள் அணியத்தில் அமர்ந்ததும் இதுவாகவே இருக்கலாம்.

நான் ஜூலையில் இறந்த பறவையைப் பற்றிச் சொன்னேன். "அதன் வெள்ளைக் கோடு கண்ணோடு நின்றதா, கண்ணைத் தாண்டிப் போனதா?" என்று வழிகாட்டி கேட்டார். நான் விழித்தேன். படம் வரைபவன் தன் பையிலிருந்து பயிற்சிக் கொப்பியை எடுத்தான். அன்றைக்கே அதன் கடைசித் தாளில் பறவையை வரைந்து வைத்திருந்தான். வெள்ளை கண்ணோடு நின்றிருந்தது.

"அப்படியானால் அது புகைக்கரி ஆலா" என்றார் அவர். கூட்டை விட்டுப் பறந்த இளம் பறவை பல ஆண்டுகள் தரையில் கால் வைக்காமல் பெருங்கடலின் மேலேயே பறந்து திரியும் இனம். கடலில் வாழ்ந்தாலும் அதன் இறகுகள் நீரைத் தாங்குவதில்லை. நீண்ட நேரம் மிதந்தால் நனைந்து கனத்துவிடும். பறந்தபடியே நீரின் மேற்பரப்பிலிருந்து இரையைக் கொத்தி எடுக்கும். சிறியவனின் கேள்விக்கு நான்கு மாதங்களுக்குப் பிறகு நடுக்கடலில் பதில் கிடைத்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அந்த நிலையில் வந்த பறவை பெரும்பாலும் பிழைக்காது, ஹஸரத்" என்று வழிகாட்டி ஆறுதல் சொன்னார். இருந்தாலும் தண்ணீரில் விடச் சொன்னது நான்.

இன்னொன்றையும் அவர் விளக்கினார். தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமான் கரைகளில் கடலின் அடிநீரை மேலே கிளப்புகிறது. அதில் உணவு பெருகுகிறது. அந்த மாதங்களில் அவுஸ்திரேலியத் தீவுகளிலிருந்தும் அந்தாட்டிக்காவிலிருந்தும்கூடக் கடற்பறவைகள் இந்துப் பெருங்கடலின் வடபகுதிக்கு வருகின்றன. நாற்பது கிராம் அளவே எடையுள்ள வில்சன் பெட்ரல் அவற்றுள் ஒன்று. ஆக, எம் கடலில் பறவைகள் மிகுந்திருப்பது சோளகக் காலத்தில். அப்போது சிறு வள்ளங்கள் கடலுக்குப் போக இயலாது. வாடையில் நாம் போகும்போது காண்பது கடைசியில் செல்வனவும் புதிதாக வருவனவும்தாம். சோளகத்தின் விருந்தாளிகளை நாம் காண வேண்டுமானால் அவை களைத்து விழ வேண்டும்.

விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டறிந்தோம். காற்றுத் துளையிட்ட காகிதப் பெட்டியில், பழந்துணி விரித்து, இருட்டான அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். வாயைத் திறந்து நீரோ மீனோ திணிக்கக் கூடாது. பலரும் சுற்றி நின்று பார்க்கக் கூடாது. வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். தெளிந்து, தானே சிறகடிக்கத் தொடங்கினால், காற்றுச் சற்றுத் தணிந்த நேரத்தில் கடற்கரையில் விடலாம்.

காற்று வலுக்குமுன், பத்து மணியளவில் கரை சேர்ந்தோம். வீட்டில் உம்மாவிடம் பலகையில் அமர்ந்த பறவையைப் பற்றிச் சொன்னேன். அன்று எங்கள் வள்ளத்தில் வந்தமர்ந்த பறவைக்கும் இப்படி வெள்ளைப் புருவம் இருந்ததா என்று கேட்டேன். "பறவையா? நான் உங்க நாலு பேரையும் எண்ணிக்கிட்டே வந்தன்" என்றார்.

இப்போது மத்ரஸாவின் களஞ்சிய அறையில், கிதாபுகள் அடுக்கிய ராக்கைக்குக் கீழே, துளையிட்ட சப்பாத்துப் பெட்டி ஒன்று இருக்கிறது. மூடியில் "தண்ணீரில் விட வேண்டாம்" என்று சிறியவன் எழுதி ஒட்டியிருக்கிறான். 2025 ஜூலையில் ஒரு முறை அது பயன்பட்டது. ஓரிரவு அதனுள் இருந்த பறவையை மறுநாள் காலை, திணைக்களத்தாரின் அறிவுரைப்படி, கரையில் கொண்டுபோய்த் திறந்தோம். சிறிது நேரம் காற்றுக்கு எதிராக முகம் திருப்பி நின்றது. பின்னர் அலைகளுக்கு மேல் தாழப் பறந்து போயிற்று. பிள்ளைகள் பார்வைக்கு மறையும்வரை நின்றிருந்தார்கள். அன்றைய முதற் பாடம் அரை மணி நேரம் தாமதமாகவே தொடங்கியது.