கரக்பூரிலிருந்து ஆரம்பாக்கம் வரை

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில் மார்ச் மாதத்தின் கடைசி வாரம் ஒரு தனி வாரமாகும். குழந்தைகளின் தேர்வு முடிவுகள் வெளிவரும் வாரம் அது. மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் சேர்ந்த நோட்டுப் புத்தகங்களைக் கட்டிப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டால், ஒரு வகுப்பு முடிந்தது என்று நிம்மதி அடைகிறோம். நாங்களும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்து வந்தோம். 2024-ஆம் ஆண்டில்தான் அந்தப் பழக்கம் மாறியது. அது மாறிய விதத்தையும், அந்தக் கோடையில் ஒரு ரயில் பிரயாணமே எங்கள் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமாக அமைந்ததையும் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் இருப்பிடம் மேற்கு வங்காளத்திலுள்ள கரக்பூர். வங்காள நாகபுரி ரயில்வேயின் காலத்தில் வளர்ந்த ரயில்வே நகரம் இது. இங்குள்ள பிளாட்பாரம் 1,072 மீட்டர் நீளமுடையது. உலகிலேயே மிக நீண்டது என்று நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது. 2013-இல் கோரக்பூரும், 2023-இல் ஹூப்ளியும் அப்பெருமையைத் தட்டிச் சென்றன. ஆயினும் கரக்பூர்க்காரர்கள் அதை இன்னும் முழு மனத்துடன் ஒப்புக்கொள்வதில்லை! கோல் பஜாரில் சிறிது நேரம் நடந்தால் வங்காளி, இந்தி, தெலுங்கு, ஒடியா, தமிழ் ஆகிய மொழிகளெல்லாம் காதில் விழும். ஆனால் காதில் விழும் தமிழ் கண்ணில் படுவதில்லை. கடைப் பலகைகளிலோ, சுவரொட்டிகளிலோ, பேருந்துகளிலோ ஒரு தமிழ் எழுத்தைக் காண்பது அரிது. இங்கு வளரும் குழந்தைக்குத் தமிழ் என்பது வாயால் பேசுவது மட்டுமே. கண்ணால் படிப்பதும் அதற்கு உண்டு என்று நினைவூட்ட ஒன்றுமில்லை.

எங்கள் மூத்த பெண் அவ்வாண்டு நான்காம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறினாள். இளையவன் முதல் வகுப்பை முடித்தான். பெண்ணுக்கு இந்தியும் ஆங்கிலமும் தடையின்றிப் படிக்க வரும். தெருவில் விளையாடியே வங்காளி பேசக் கற்றுக்கொண்டாள். வீட்டில் தமிழ்தான் பேசுவாள். 'பேசுகிறாளே, அது போதாதா?' என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டிருந்தோம்.

அந்தத் தேற்றலை ஒரு கடிதம் கலைத்தது. குழந்தைகளின் பாட்டி விழுப்புரத்திற்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். காது மந்தமாகிவிட்டதால் தொலைபேசியில் பேசினால் ஒன்றும் கேட்பதில்லை. எனவே இக்காலத்திலும் அவர் கடிதந்தான் எழுதுகிறார். பேத்தி தேறிவிட்டாள் என்ற செய்தி அறிந்து, முதல் முறையாக அவள் பெயருக்கே ஒரு கடிதம் எழுதியிருந்தார். உறையின் மேல் ஆங்கிலத்தில் தன் பெயரைக் கண்டதும் பெண் துள்ளிக் குதித்துப் பிரித்தாள். உள்ளே பார்த்தாள். பிறகு மெல்ல எங்களிடம் நீட்டினாள்.

"அப்பா, ஆயா என்ன எழுதியிருக்காங்க? நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தோம். முதல் வரியே, 'கண்ணு, இதை நீயேதான் படிக்க வேண்டும். உன் அப்பனிடம் கொடுக்காதே' என்று இருந்தது. அதற்கு மேல் படிக்க மனம் துணியவில்லை. கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்து, முதல் வரியின் பொருளை மட்டும் சொன்னோம். அவள் முகம் வாடிற்று. எங்கள் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

உடனே தமிழ் கற்பிக்கத் தொடங்கினோம். இங்குள்ள மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஏப்ரலிலேயே அடுத்த வகுப்பு தொடங்கிவிடும். கோடை விடுமுறை மே மாதத்தில்தான் வரும். ஆகவே ஐந்தாம் வகுப்புப் பாடங்களை முடித்துவிட்டு, இரவில் தமிழுக்கு உட்கார வேண்டியதாயிற்று. நாங்கள் படித்த முறையிலேயே, ஓர் எழுத்தைப் பத்து முறை எழுதச் சொன்னோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று கணக்கும் சொன்னோம். அந்த எண்ணைக் கேட்டே குழந்தை மிரண்டுவிட்டது. இரண்டு வாரம் சென்றபின் ஒருநாள் நோட்டுப் புத்தகத்தைக் காணவில்லை. தேடியதில் அரிசி டின்னுக்குப் பின்னால் அகப்பட்டது. கோபித்துக்கொண்டோம், அவள் அழுதாள்.

இல்லத்தரசியார் அப்பொழுது ஒரு சொல் சொன்னார்: "ஒரே படிவத்தை நாள் முழுக்க எழுதி அலுத்துப்போச்சுன்னு ஆபீசிலிருந்து வந்து சொல்றீங்க. அதையேதானே பிள்ளைக்கும் குடுக்கிறீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் அவர், எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த பழைய நோட்டுப் புத்தகங்களை அவிழ்த்தார். குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் தடுமாறிச் செய்த வகுத்தல் கணக்கைப் பெண் பார்த்து, "இதுகூடவா எனக்குத் தெரியாம இருந்தது!" என்று சிரித்தாள். ஓராண்டில் தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று குழந்தை தன் கண்ணாலேயே கண்டுகொண்ட நேரம் அது. மதிப்பெண் பட்டியல் அதைக் காட்டியதில்லை. எழுதாமல் மிஞ்சிய தாள்களையெல்லாம் கிழித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, இரண்டு பிரயாணப் புத்தகங்கள் ஆக்கிக் கொடுத்தார். எங்கள் பங்காக, கால அட்டவணையைப் பார்த்து வழியிலுள்ள பெரிய நிலையங்களின் பெயர்களைத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி, அதன் முதல் பக்கங்களில் ஒட்டினோம்.

மே மாதத்தில் ரயில்வே பாஸில் கோரமண்டல் விரைவு வண்டியில் புறப்பட்டோம். கரக்பூரில் மாலையில் ஏறினால் மறுநாள் மாலை சென்னை. ஏறத்தாழ 1,550 கிலோமீட்டர். ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் அந்தந்த மாநில மொழி, இந்தி, ஆங்கிலம் என மூன்று எழுத்துகள் இருக்கும் என்பது நேயர்கள் அறிந்ததே. பெண்ணுக்கு நாங்கள் கொடுத்த வேலை எளியது. பலகையில் தெரிந்த எழுத்தில் பெயரைப் படித்து, அதே பெயரைத் தமிழ்ப் பட்டியலில் கண்டுபிடிக்க வேண்டும். அதன் கீழே, அவ்வூர்க்காரர்கள் எழுதும் எழுத்தையும் பார்த்து வரைந்துகொள்ள வேண்டும்.

கரக்பூரில் வங்காளி எழுத்தின் தலைக்கோட்டை வரைந்து தொடங்கினாள். ஒடிசாவில் நுழைந்து சுவர்ணரேகை ஆற்றைக் கடந்ததும் எழுத்து மாறிவிட்டது. பாலேசுவரத்தில் விளக்கொளியில் ஒடியா எழுத்தைக் கண்டு, "எல்லா எழுத்தும் குடை பிடிச்சிருக்கு!" என்றாள். பனையோலையில் எழுத்தாணியால் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழிந்துவிடும், அதனால் வளைத்து எழுதினார்கள் என்று பெரியோர் கூறுவதைச் சொன்னோம். கட்டக், புவனேசுவரம் வருமுன் குழந்தைகள் உறங்கிவிட்டனர்.

விடியற்காலையில் விசாகப்பட்டினம். அங்கே வண்டியின் முன்பக்கம் பின்பக்கமாகிறது. வந்த எஞ்சினைக் கழற்றி, மறுமுனையில் எஞ்சின் பூட்டுகிறார்கள். கண்விழித்த இளையவன், "அப்பா, நாம திரும்பிக் கரக்பூருக்கே போறோமா?" என்று அலறினான். பிளாட்பாரத்தில் இறங்கிக் காட்டிய பிறகே அமைதியானான். அவன் புத்தகத்தின் முதல் படம் அந்த எஞ்சின்தான்.

பிறகு அவனுக்கு ஒரு கணக்கு கிடைத்தது. பாதையோர மின்கம்பங்களில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை எண். மேலெண் மாறும்போதெல்லாம் ஒரு கிலோமீட்டர் கடந்துவிட்டது என்று பொருள். அவன் கடிகாரம் பார்த்து விநாடிகளைச் சொல்வான். அக்காள் 3,600-ஐ அதனால் வகுப்பாள். 36 விநாடி என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர். சென்ற ஆண்டு அழவைத்த வகுத்தல் கணக்கு இப்பொழுது விளையாட்டாயிற்று.

ராஜமந்திரியில் கோதாவரி வந்தது. 1900-இல் முடிந்து 1997 வரை வண்டிகளைச் சுமந்து ஓய்வு பெற்ற ஹேவ்லாக் பாலத்தையும், வில்போல் வளைந்த புதிய பாலத்தையும் காட்டினோம். வில் பாலத்துக்கு 28 கண்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 97½ மீட்டர். பெருக்கிப் பார்த்த பெண், "நம்ம பிளாட்பாரம் ரெண்டரை சேர்ந்தா இந்தப் பாலம்!" என்றாள். கரக்பூர் அளவுகோல் அங்கும் பயன்பட்டது.

பகல் முழுதும் தெலுங்கு எழுத்துகள். அதற்குள் தமிழ்ப் பட்டியலில் அவளாகவே ஒன்றைக் கண்டுகொண்டாள். விசாகப்பட்டினம், விஜயவாடா இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன! "விழுப்புரமும் அதுலதானே ஆரம்பிக்கும்?" என்று கேட்டு, நாங்கள் எழுதிக் காட்டுமுன் அந்த 'வி'யை எழுதிவிட்டாள். நெல்லூர், கூடூர் வந்தபோது 'ஊர்' எங்கே ஒளிந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாள். 247 என்ற பூதம் எங்கோ போய்விட்டது.

ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்வோர் இறங்கும் சூளூர்ப்பேட்டையைத் தாண்டினோம். அடுத்துத் தடா, அதற்கப்பால் தமிழ்நாட்டு எல்லைக்குள் முதல் நிலையமான ஆரம்பாக்கம். விரைவு வண்டி அங்கே நிற்பதில்லை. அன்று எங்கள் நல்லூழால் சிக்னலுக்காகச் சிறிது நின்றது. எதிரே பலகை. அந்தப் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை.

"ஆ... ர... ம்... பா... க்... க... ம்" என்று பெண் கூட்டினாள். சேர்த்துச் சொல்லும்போது 'பாட்டி'யின் 'பா'வையே அழுத்திச் சொன்னாள். ஏதோ தவறு என்று அவளுக்கே தோன்றிற்று. "இந்தியில நாலு எழுத்து இருக்கு. தமிழ்ல ஒண்ணுதான் இருக்கு. எப்படித் தெரியும்?" என்று முறையிட்டாள்.

"இவனை எப்படிக் கூப்பிடுவாய்?" என்று இளையவனைக் காட்டிக் கேட்டோம்.

"தம்பி."

"அதில் இருப்பதும் இதே எழுத்துத்தான். 'ம்' என்ற எழுத்துக்குப் பின்னால் வந்தால் 'ப' மெலிந்துவிடும். உனக்குத்தான் அது முன்னமே தெரியுமே!"

அவள் பலகையை மறுபடி பார்த்து, சரியாகப் படித்தாள். வண்டி நகர்ந்தது. எளாவூர், கும்மிடிப்பூண்டி என்று ஓடிய பலகைகளில் பாதி எழுத்துகள் பிடிபட்டன, பாதி ஓடிவிட்டன. ஆனால் சன்னலை விட்டு அவள் முகத்தை எடுக்கவில்லை.

ஒன்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்குத் தமிழ்ப் படிப்பில் பாதி முன்பே முடிந்திருக்கிறது. மீதிப் பாதியைப் புது மொழி போலப் புகட்டியதுதான் எங்கள் பிழை. மற்றொன்றும் உண்டு. குழந்தை எழுத்துக்காகப் படிப்பதில்லை. எழுத்தின் அந்தப் பக்கத்தில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் படிக்கிறது.

ஊரில் இருந்த ஒரு மாதமும் நாங்கள் பாடம் என்று உட்கார வைக்கவில்லை. பேருந்தின் முகப்பில் ஊர்ப்பெயர், மளிகைக் கடைச் சீட்டு, கல்யாணச் சுவரொட்டி என்று ஊரே பாடம் நடத்திற்று. பாட்டி பிரயாணப் புத்தகத்தை மூக்குக் கண்ணாடி அணிந்து முழுவதும் படித்தார். 'ர' வரவேண்டிய இடத்தில் 'ற' இருந்ததை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை, பெண் பெட்டியிலிருந்து அந்த மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் பாட்டியின் அருகில் அமர்ந்தாள். தெரியாத எழுத்து வந்தபோதெல்லாம் பாட்டியின் கையைப் பிடித்துக் கடிதத்தில் வைத்தாள். ஒரு பக்கக் கடிதம். அரைமணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். நாங்கள் அருகில் செல்லவில்லை.

விடுமுறைக்கு ஊர் செல்லவிருக்கும் அன்பர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். ஆண்டு முடிந்ததும் நோட்டுப் புத்தகங்களை உடனே எடைக்குப் போடவேண்டாம். ஒருநாள் குழந்தையுடன் உட்கார்ந்து புரட்டுங்கள். மிஞ்சிய தாள்கள் விடுமுறைப் புத்தகத்துக்குப் போதும். விலை கொடுத்து ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசின் முதல் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஊர் செல்ல இயலாதவர்கள் அதைக் கொண்டே தொடங்கலாம். நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். எந்த வழியில் சென்றாலும் அந்த வழியின் நிலையங்களை முன்கூட்டியே தமிழில் எழுதிக் கொடுங்கள். நாக்பூர் வழியோ, மும்பை வழியோ, பலகையில்லாத பாதை எதுவுமில்லை.

கரக்பூர் திரும்பியபின் ஜூலையில் பெண் தானாக ஒரு கடிதம் எழுதினாள். நான்கு வரிகள், மூன்று பிழைகள். திருத்தக் கை துடித்தது. ஆயினும் திருத்தாமல் அப்படியே தபாலில் சேர்த்தோம். பதில் வந்தது, அவள் பெயருக்கே. அதை அவள் எங்களிடம் நீட்டவில்லை. எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய்விட்டாள்.

முதற் கடிதத்தில் பாட்டி என்ன எழுதியிருந்தார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கேட்டால், "அப்பாகிட்டக் கொடுக்காதேன்னு ஆயா எழுதியிருக்காங்க" என்கிறாள்.