பழைய பெட்ரோல் காரா, மின்சாரக் காரா? ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும்



"சார், செகண்ட் ஹேண்ட்ல பெட்ரோல் கார் வாங்கலாமா, இல்ல எலக்ட்ரிக் கார் வாங்கலாமா?" ஒரே மாதத்தில் ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். கார் என்றால் எனக்கு எவ்வளவு பைத்தியம் என்று உங்களுக்குத் தெரியும். தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரக் கார் நேற்று முளைத்தது என்று நினைக்காதீர்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தை முதன்முதலில் தாண்டிய கார், 1899-இல் பிரான்சில் ஓடிய ஒரு மின்சாரக் கார். நம் நாட்டிலும் 2001-லேயே பெங்களூரிலிருந்து ரேவா வந்தது. அதனால் "இதை நம்ப முடியாது" என்று ஒதுக்கவும் வேண்டாம், "இனி பெட்ரோல் அவ்வளவுதான்" என்று பயப்படவும் வேண்டாம். உங்கள் வீட்டுக்கும் உங்கள் ஓட்டத்துக்கும் எது பொருந்தும் என்று மட்டும் பாருங்கள். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கார் 15 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்குச் சுமார் 6 ரூபாய் 70 காசு. மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடுகிறது, வீட்டில் யூனிட் 8 ரூபாய் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 15 காசு. மிச்சம் ஏறக்குறைய ஐந்தரை ரூபாய்.

மின்சாரக் காருக்கு 4 லட்சம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்றால், அந்தப் பணம் திரும்பி வர 73,000 கி.மீ. ஓட்ட வேண்டும். தினமும் 60 கி.மீ. வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓட்டுபவருக்கு நான்கே ஆண்டு. என்னைப் போல மாதம் 500 கி.மீ. ஓட்டுபவருக்குப் பன்னிரண்டு ஆண்டு! வீட்டில் வசதியில்லாமல் வெளியே யூனிட் 20 ரூபாய்க்குச் சார்ஜ் போட்டால் மிச்சம் 3 ரூபாய் 80 காசாகக் குறையும். அப்போது 1 லட்சம் கி.மீ. தாண்டினால்தான் கணக்கு நேராகும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

இந்தக் கணக்கை எழுத வைத்தவர் என் பழைய மாணவர் ஒருவர். மருந்து கம்பெனிப் பிரதிநிதி, தினமும் 90 கி.மீ. சுற்றுகிறார். ஐந்து வருடம் ஓடிய மின்சாரக் கார் ஒன்றுக்காக மனைவியின் நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். "கிலோமீட்டர் கம்மியா ஓடியிருக்கு சார்" என்றார். பெட்ரோல் காருக்குச் சரி, மின்சாரக் காருக்கு அது மட்டும் போதாது. அதன் விலையில் பெரும்பங்கு பேட்டரிதான். ஓடாமல் நின்றாலும் அதற்கு வயதாகும். வெயிலும், அடிக்கடி போடும் ஃபாஸ்ட் சார்ஜும் வயதைக் கூட்டும்.

முழுச் சார்ஜ் போட்டு, ஏ.சி. போட்டு, பாதி குறையும்வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். 78 கி.மீ. ஓடியது. இரண்டால் பெருக்கினால் 156. அவர் தேவைக்குப் போதும். பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன. அது இரண்டாவது உரிமையாளருக்கும் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். அதுவும் கிடைத்தது.

பிறகுதான் கேட்டேன், "தம்பி, சார்ஜ் எங்கே போடுவாய்?" மாடியில் வாடகை வீடு. கீழே பிளக் பாயின்ட் வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. கார் பாஸ், வீடு ஃபெயில்! வெளியே சார்ஜ் போடும் செலவையும் அடகு வட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது அவரே பேனாவை மூடிவிட்டார். வீட்டுக்காரர் இறங்கி வரும்வரை நகை பீரோவிலேயே இருக்கட்டும் என்று முடிவு.

பழைய பெட்ரோல் கார் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேறு படிந்த கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற கார். 2015-இலும் 2023-இலும் சென்னை வெள்ளத்தில் எத்தனை கார்கள் மூழ்கின என்று பார்த்தோம் அல்லவா?

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஓடோமீட்டர் 20,000 காட்டுகிறது, ஆனால் பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது என்றால் யாரோ எண்ணைத் திருத்தியிருக்கலாம். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-உம் வேண்டும். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றக் கேளுங்கள். விற்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: பணம் வந்ததும் மறந்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. வாங்கியவர் விபத்து செய்தால் நஷ்ட ஈடு கேட்டு உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். சொந்த வீடு, சொந்த பிளக், தினமும் 50 கி.மீ.க்கு மேல் ஓட்டம் என்றால் தயங்காமல் மின்சாரக் கார். கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எப்போதாவது எடுப்பவர்களுக்கு, ஒரே கை ஓட்டிய ஐந்தாறு வயது சின்ன பெட்ரோல் கார் தாராளம். பக்கத்து வீட்டில் வாங்கிவிட்டார்கள் என்பதற்காக மட்டும் யாரும் நகைப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

மின்சாரக் கார் வைத்திருக்கும் பிள்ளைகள், வாங்கிய வருடம், அப்போது எவ்வளவு ஓடியது, இப்போது எவ்வளவு ஓடுகிறது என்று கீழே எழுதுங்கள். விளம்பரத்தைவிட அது எல்லோருக்கும் உதவும்.

அன்புடன்,
உங்கள் சார்