எந்தக் கல் பழையது?

முடிசூடப் போகும் அரசர்கள் பிராக் நகரில் ஊர்வலமாகச் சென்ற பாதைக்கு 'அரச வழி' என்று பெயர். வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, பழைய நகரச் சதுக்கத்தைத் தாண்டி, வல்தாவா ஆற்றைக் கடந்து குன்றின் மேலுள்ள கோட்டையில் முடிகிறது. பழமையைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. ஆனால் முதல் கட்டடமே கையை விரிக்கிறது. 1475இல் எழத் தொடங்கிய கோபுரம், அரசர் பக்கத்து மாளிகையை விட்டுக் கோட்டைக்குக் குடிபெயர்ந்ததும் பாதியில் நின்றது; 1757இல் பிரஷ்யப் படை முற்றுகையிட்டபோது சேதமடைந்தது. நாம் அண்ணாந்து பார்க்கும் கூரையும் சிற்பங்களும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் யோசெப் மோட்ஸ்கர் செய்வித்தவை.

சதுக்கத்திலும் இதே கதைதான். நகர மன்றத்தின் வானியல் கடிகாரம் 1410இல் உருவானது. அதில் மணிக்கொரு முறை தலைகாட்டும் திருத்தூதர் பொம்மைகளோ, 1945 மே மாதச் சண்டையில் பழையவை எரிந்தபின் புதிதாகச் செதுக்கியவை. 1650இல் நட்ட மரியன்னைத் தூணை, ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் அடையாளம் என்று 1918இல் கூட்டம் கயிறு கட்டிச் சாய்த்தது. 2020இல் அதன் நகல் எழுந்தது. ஆற்றைக் கடக்க 1357இல் அடிக்கல் நாட்டிய சார்லஸ் பாலத்தின் சிலைகளில் பல பிரதிகள். மூலச் சிலைகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1890 வெள்ளம் அதன் வளைவுகள் சிலவற்றை அடித்துப்போனது. அதே பாலத்தின் மேல் 1883 முதல் குதிரை டிராமும், 1905இலிருந்து சில ஆண்டுகள் மின்சார டிராமும் ஓடியிருக்கின்றன.

அப்படியானால் எல்லாம் வேஷமா என்று கேட்கலாம். இல்லை, இங்கே பழையது கல் அல்ல, தடம். சார்லஸ் பாலத்துக்கு முன்பு, 12ஆம் நூற்றாண்டிலேயே கிட்டத்தட்ட அதே இடத்தில் யூடித் பாலம் இருந்தது. 1342 வெள்ளத்தில் அது போனதும் பக்கத்திலேயே அடுத்தது எழுந்தது. ஆற்றைக் கடக்கும் இடம் மாறாததால்தான் கார்லோவா தெரு இன்றும் வளைந்து நெளிந்து பாலத்தின் வாயிலைத் தேடிப் போகிறது. தடம் போதுமென்றால் எந்த நகலும் செல்லுமே என்பது அடுத்த ஆட்சேபம், இது வலுவானது. அதற்குப் பதில் சதுக்கத்திலேயே இருக்கிறது. 1945இல் எரிந்த நகர மன்றப் பகுதியின் இடத்தில் என்ன கட்டுவது என்று பல போட்டிகள் நடத்தியும் முடிவாகவில்லை. அங்கே இன்றும் புல்தரைதான். நகல் எடுக்கத் தெரிந்த ஊர் அங்கே எடுக்கவில்லை. மோட்ஸ்கரின் கூரையைவிட எனக்கு உறுத்துவது, பழைய பொஹீமியத் தின்பண்டம் என்று வழிநெடுக விற்கும் ட்ர்டெல்னீக். ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்சா ஊரோடு பெயர் சேர்ந்த அது, பிராக் தெருக்களை நிறைத்தது அண்மைக் காலத்தில்தான்.

நெருடோவா தெருவின் ஏற்றம் ஏறினால் கோட்டைக்குள் புனித விட்டஸ் பேராலயம். 1344இல் தொடங்கிய வேலை 1929இல்தான் முடிந்தது. கடைசி முடிசூட்டு 1836இல். இந்த வழியே ஊர்வலம் வந்த எந்த அரசரும் அதை முழுதாகப் பார்த்ததில்லை.